ஐ.கியூ கூடியதாம்: எதோடு ஒப்பிட்டு?

ஒரு பாடசாலையில் நுண்ணறிவுச் (ஐ.கியூ) சோதனை ஒன்றை வைத்து, ஆகக் குறைந்த புள்ளி எடுத்த 20 பிள்ளைகளைப் பிரித்தெடுங்கள். அவர்களின் இடை, அதாவது சராசரி, 80 என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரத்துக்கு அவர்களுக்குப் புதிதாக எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பிறகு அதே சோதனையைத் திரும்ப வையுங்கள். இடை ஏறத்தாழ 90க்கு வந்திருக்கும்.

இந்தப் பத்துப் புள்ளி இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. முதலாவது, இடைக்குத் திரும்பல். அன்று கடைசியில் நின்ற பிள்ளைகளில் சிலர் உண்மையாகவே பின்தங்கியவர்கள். சிலருக்கு அன்று காய்ச்சல், சிலர் ஒரு பக்கத்தைத் தவறவிட்டவர்கள். அடுத்த முறை அந்தக் கெட்ட நேரம் அதே பிள்ளைகள் மேல் விழாது. கணக்கு இலகுவானது: பொது இடை 100, சோதனையின் நம்பகத்தன்மை (திரும்ப வைத்தாலும் புள்ளிகள் எவ்வளவு ஒத்துவரும் என்ற அளவு) 0.7 என்றால், 20 புள்ளி இடைவெளியில் 0.7 பங்கு, அதாவது 14 புள்ளிதான் அடுத்த முறையும் மிஞ்சும். 80 இருந்த இடை 86 ஆகிவிடும். இரண்டாவது, பழக்கம். அதே சோதனையை இரண்டாம் முறை செய்பவர்கள் சராசரியாக 0.26 நியம விலகல் (புள்ளிகள் இடையைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) கூட எடுக்கிறார்கள் என்று 2007இல் 50 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கணக்கு காட்டியது. ஐ.கியூவின் நியம விலகல் 15. ஆகவே இன்னும் 4 புள்ளி.

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் காலத்தில், ஐ.கியூவைக் கூட்டுவதாகச் சொல்லி, திருகோணமலையில் உவர்மலையிலும் உப்புவெளியிலும் மதில்களில் ஒட்டுகிற தாள்களையும், மூதூர், கிண்ணியாப் பக்கம் ரியூசன் வாசலில் தருகிற துண்டுகளையும் இந்தக் கணக்கோடு வாசித்துப் பாருங்கள். ‘பயிற்சிக்கு முன் 80, பின் 90’ என்ற வரி எதையும் நிரூபிக்கவில்லை. பயிற்சி நடத்துகிறவர் பொய் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலும் அவரும் மனப்பூர்வமாக நம்பித்தான் சொல்கிறார். தன் கண் முன்னால் பிள்ளைகள் முன்னேறியதை அவர் கண்டவர். காரணத்தைத்தான் பிழையாகப் பிடித்துவிட்டார்.

ஆகவே கேட்க வேண்டிய முதற் கேள்வி: எதோடு ஒப்பிட்டு? கட்டுப்பாட்டுக் குழு (ஒப்பிடுவதற்காக அந்தப் பயிற்சியைக் கொடுக்காமல் விட்ட குழு) இருந்ததா என்று கேட்டால் மட்டும் போதாது. அந்தக் குழு ஆறு வாரமும் என்ன செய்தது என்று கேட்க வேண்டும். 2008இல் யேகி என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பாடம். திரையில் ஓடும் சதுரங்களின் இடத்தையும் காதில் விழும் எழுத்துகளையும் ஒரே நேரத்தில் ஞாபகம் வைத்து, சில படிகளுக்கு முன் வந்ததோடு பொருத்திப் பார்க்கும் ஒரு ஞாபகப் பயிற்சி அது. சுமார் 70 பேர்; 8 முதல் 19 நாட்கள் வரை பயிற்சி; கூடுதலாகப் பயின்றவர்களின் நுண்ணறிவு கூடுதலாக வளர்ந்தது என்பது முடிவு. உலகமெங்கும் செய்தியானது. ஆனால் கட்டுப்பாட்டுக் குழுவினர் எதுவும் செய்யாமல் வீட்டில் இருந்தவர்கள். 8 நாள் குழுவுக்கு ஒரு நுண்ணறிவுச் சோதனை, மற்றக் குழுக்களுக்கு வேறொன்று. அந்த மற்றச் சோதனைக்கு வழக்கமாக 45 நிமிடம்; இங்கே கொடுத்தது 10 நிமிடம். அந்த நேரத்துக்குள் பிள்ளையார் சுழி போட்டதுபோல ஆரம்பத்து இலகுவான கேள்விகளைத்தான் பெரும்பாலானோர் தொட முடியும். கடினமான கேள்விகள் வரை போனால்தான் அந்தச் சோதனை அளக்க வேண்டியதை அளக்கும்.

2013இல் ரெடிக்கும் சகாக்களும் அதையே திருப்பிச் செய்தபோது, ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். அதுவும் நாளுக்கு நாள் கடினமாகிக்கொண்டு போகும் கண் தேடற் பயிற்சி. இரு குழுவும் தங்கள் தங்கள் விளையாட்டில் கெட்டிக்காரர் ஆனார்கள். நுண்ணறிவுச் சோதனைகளில் வித்தியாசம் இல்லை. 2016இல் மெல்பி-லெர்வோக், ரெடிக், ஹுல்ம் ஆகியோர் 87 வெளியீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே படம்தான்: ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்த குழுவோடு ஒப்பிட்டால், பயிற்சியின் பலன் நுண்ணறிவுக்குக் கடப்பதாகச் சொல்ல ஆதாரம் இல்லை. அதே ஆண்டு ஜனவரியில், லூமோசிட்டி என்ற மூளை விளையாட்டுச் செயலியின் உரிமையாளர்கள் தங்கள் விளம்பரம் பற்றிய வழக்கை முடிக்க அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவுக்கு 20 இலட்சம் டொலர் கட்டச் சம்மதித்தார்கள்.

கட்டுப்பாட்டுக் குழு ஒழுங்காக இருந்தும் கணக்கில் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இது ஆய்வறிக்கை எழுதும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் அடிக்கடி நடப்பது. பயிற்சிக் குழு 6 புள்ளி கூடியது, நியம வழு (அந்த எண் தற்செயலால் எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு) 2.5; முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ரி = 2.4, ஏறத்தாழ 2ஐத் தாண்டியதால் குறிப்பிடத்தக்கது. கட்டுப்பாட்டுக் குழு 4 புள்ளி கூடியது, நியம வழு அதே 2.5; ரி = 1.6, குறிப்பிடத்தக்கது அல்ல. ‘ஆகவே பயிற்சி வேலை செய்கிறது’ என்று எழுதிவிடுவார்கள். செய்ய வேண்டிய கணக்கு இதுவல்ல. இரண்டு வளர்ச்சிக்கும் இடையிலான வித்தியாசம் 2 புள்ளி. அதன் நியம வழு, 2.5இன் வர்க்கத்தை இரு தடவை கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், 3.54. ரி = 0.57. ஒன்றுமே இல்லை. நரம்பியல் கட்டுரைகளில் இந்த ஒப்பீடு தேவைப்பட்ட 157ஐ எடுத்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வொன்றில், பாதி இந்தப் பிழையைச் செய்திருந்தன. அட்டவணையில் ‘முன் - பின்’ ஒப்பீடுகள் இரண்டு தனித்தனியாக இருந்து, குழுக்களுக்கு இடையிலான ஒப்பீடு இல்லையென்றால், அந்தக் கணக்கை நீங்களே போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அட்டவணையில் கை வைத்த பிறகு நியம விலகல் நிரலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஐ.கியூ அளவுகோலே நியம விலகல் 15 வரும்படி அமைத்தது. அங்கே ‘3’ என்று இருந்தால், பெரும்பாலும் நியம வழுவை அந்த நிரலில் எழுதிவிட்டார்கள். 25 பேர் குழுவென்றால் 3ஐ 25இன் வர்க்கமூலமான 5ஆல் பெருக்கிப் பாருங்கள், 15 வரும். விளைவின் அளவு என்பது வித்தியாசத்தை நியம விலகலால் வகுத்தது; வித்தியாசம் 8 புள்ளி என்றால், 3ஆல் வகுத்தவருக்கு அது 2.67, 15ஆல் வகுத்தவருக்கு 0.53. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தொகுப்பு ஆய்வுகளுக்குள்ளும் இந்தப் பிழை அப்படியே ஏறிப்போகிறது. ‘நுண்ணறிவு 10 சதவீதம் கூடியது’ என்ற பேச்சையும் இதோடு சேர்த்து ஒதுக்கலாம்: ஐ.கியூவில் உண்மையான பூச்சியம் இல்லை, ஆகவே சதவீதமும் இல்லை.

இனி மாதிரியின் பருமன். குழுவுக்கு 20 பேர் என்ற ஆய்வில், வித்தியாசம் 0.64 நியம விலகலைத் தாண்டினால்தான் பி-பெறுமானம் (விளைவே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே போகும். ஐ.கியூவில் அது ஏறக்குறைய 10 புள்ளி. பெரிய கண் வைத்த வலையைக் கடலில் போட்டால் சின்ன மீன் தங்காது. கரைக்கு வருவதெல்லாம் பெரிய மீன். கரையில் கிடப்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கடலில் சின்ன மீனே இல்லை என்று எந்த மீனவரும் சொல்ல மாட்டார். ஆனால் சஞ்சிகையில் வெளியான சின்ன ஆய்வுகளை மட்டும் வாசித்துவிட்டு நாங்கள் அதைத்தான் சொல்கிறோம். ஒரு பயிற்சியின் உண்மையான பலன் 0.2 என்றாலும், 20 பேர் ஆய்வில் அது வெளிச்சத்துக்கு வரும்போதெல்லாம் 0.64க்கு மேலாகத்தான், மூன்று மடங்கு ஊதித்தான் வரும்.

எத்தனை பேர் வேண்டும் என்று மனக்கணக்காகப் பார்க்க ஒரு வழி: 16ஐ, எதிர்பார்க்கும் விளைவின் வர்க்கத்தால் வகுங்கள். 0.4 என்றால் குழுவுக்கு 100 பேர். 0.2 என்றால் 400. பாடசாலைத் தலையீடுகளில் 0.2 என்பதே மரியாதையான பலன்.

சின்ன மாதிரியின் கதி என்ன என்பதற்குச் சிந்தனைத் திறன் ஆய்விலிருந்தே ஒரு சான்று. 2005இல் ஃபிரெடரிக் அறிமுகப்படுத்திய மூன்று கேள்விச் சோதனை ஒன்று உண்டு. அதில் ஒரு கேள்வியை எங்கள் காசில் சொன்னால்: துடுப்பும் பந்தும் சேர்த்து 1100 ரூபா, துடுப்பு பந்தைவிட 1000 ரூபா கூட, பந்து எவ்வளவு? வாய்க்கு உடனே வருவது 100. சரியான விடை 50. 2007இல் வெளியான ஒரு சோதனையில், இந்தக் கேள்விகளை வாசிக்கச் சிரமமான மங்கல் எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். தெளிவான எழுத்தில் வாசித்தவர்களில் 90 சதவீதம் பேர் ஒன்றாவது பிழைவிட்டார்கள். மங்கல் எழுத்தில் வாசித்தவர்களில் 35 சதவீதம்தான். சிரமப்பட்டு வாசித்தால் ஆழமாகச் சிந்திப்பார்கள் என்ற விளக்கம் பலருக்குப் பிடித்துப்போனது. பங்குபற்றியவர்கள் மொத்தம் 40 பேர். எழுத்துருவை மாற்றியதாலேயே 55 சதவீத வித்தியாசம் வருமா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். 2015இல் மேயரும் சகாக்களும் முதல் ஆய்வையும் சேர்த்து 17 ஆய்வுகளை, 7000க்கும் மேற்பட்டோரின் விடைகளை, ஒன்றாக்கிப் பார்த்தார்கள். விளைவு இல்லை. பிள்ளைக்கு மங்கலாக அச்சடித்த வினாத்தாளைக் கொடுத்தால் கண்தான் நோகும்.

திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஏழிலும் இன்று ஒருமுறை, நாளை ஒருமுறை வெப்பமானி விட்டுப் பார்த்து, ‘ஏதாவது ஒரு கிணறு மாறியிருக்கிறதா’ என்று தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0.05 என்ற எல்லை வைத்தால், எதுவுமே மாறாதபோதும் ஏழில் ஒன்றாவது ‘மாறியதாக’த் தெரியும் வாய்ப்பு 30 சதவீதம். 0.95ஐ ஏழு தடவை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் கிடைப்பது இது. நுண்ணறிவு ஆய்வொன்றில் சொல்வளம், இலக்க நினைவு, வடிவப் புதிர், வேகம் என்று ஏழு உபசோதனை வைத்து, வடிவப் புதிரில் மட்டும் பி = 0.03 வந்தால், வந்து நிற்பது அந்த ஒரு கிணறுதான். இரண்டு அளவீடுகளில் பிடித்ததைத் தெரியவும், ஆண், பெண் என்று பிரித்துப் பார்க்கவும், பலன் வராவிட்டால் ஆட்களைச் சேர்க்கவும், மூன்று குழுக்களில் ஒன்றைக் கைவிடவும் சேர்த்து இடம் வைத்தால், இல்லாத விளைவொன்று ‘இருப்பதாக’ வரும் வாய்ப்பு 60 சதவீதத்தைத் தாண்டும் என்று 2011இல் சிமன்ஸ், நெல்சன், சிமன்சோன் ஆகியோர் கணித்தார்கள். குறிப்பிட்ட ஒரு பாட்டைக் கேட்டவர்களின் வயது ஒன்றரை ஆண்டு குறைந்தது என்பதையே அந்த வழிகளால் அவர்கள் ‘நிரூபித்து’க் காட்டினார்கள். முன்பதிவு (எதை, எப்படி அளப்பது என்று தொடங்கும் முன்பே எழுதிப் பதிவது) செய்த ஆய்வா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். முன்பதிவில் எழுதிய பிரதான அளவீடும் கட்டுரையின் சுருக்கத்தில் பெருமையாகச் சொல்லப்படுவதும் ஒன்றா என்று நேருக்கு நேர் வைத்துப் பாருங்கள்.

இனி எனக்கு மிகப் பிடித்த சோதனை. நான்காம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும். பிரவுன், ஹீதர்ஸ் இருவரும் 2016இல் முன்வைத்தது. முழு எண்ணாக மட்டும் புள்ளி வரும் சோதனையில், இடை எந்த எண்ணாகவும் இருக்க முடியாது. மேலே சொன்ன மூன்று கேள்விச் சோதனையில் ஒருவர் எடுக்கக்கூடியது 0, 1, 2 அல்லது 3. கட்டுரை ஒன்று ‘23 மாணவர்கள், இடை 1.37’ என்கிறது என்று வையுங்கள். 23ஐ 1.37ஆல் பெருக்கினால் 31.51. மொத்தப் புள்ளி முழு எண்ணாக இருக்க வேண்டும். 31 என்றால் இடை 1.35. 32 என்றால் 1.39. இவை இரண்டுக்கும் நடுவில் வேறொன்றும் இல்லை. 1.37 என்பது 23 பேரிடமிருந்து வரவே முடியாத எண்.

இங்கே உடனே மோசடி என்று கூவக்கூடாது. 22, 21, 20 என்று இறங்கிப் பாருங்கள், எதிலும் 1.37 வராது. 19இல் வரும்: 26ஐ 19ஆல் வகுத்தால் 1.368. அப்படியென்றால் நான்கு பேர் இடையில் விலகியிருக்கலாம், கட்டுரை அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். யார் விலகினார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. பயிற்சி கடினமாக இருந்ததால் பலவீனமான பிள்ளைகள் விலகியிருந்தால், எஞ்சியவர்களின் இடை தானாகவே ஏறும். இந்தச் சோதனைக்கு எல்லையும் உண்டு. இரண்டு தசமதானத்தில் எழுதிய இடைக்கு, 100 பேருக்குக் குறைந்த மாதிரியில்தான் இது பயன்படும். மூன்று கேள்வியின் சராசரியைப் புள்ளியாகக் கொடுத்திருந்தால் ஆட்தொகையை மூன்றால் பெருக்கிவிட்டுச் சோதிக்க வேண்டும். அவர்கள் இருவரும் சோதிக்க முடிந்த 71 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தபோது, பாதியில் ஒன்றாவது வரமுடியாத இடையாக இருந்தது.

இதேபோல் ‘ரி(28) = 1.90, பி < 0.05’ என்ற வரியையும் அப்படியே விழுங்கக்கூடாது. அடைப்புக்குள் 28 என்றால் இருபக்கச் சோதனைக்கு 2.05ஐத் தாண்ட வேண்டும், 1.90க்கு பி ஏறத்தாழ 0.07. ஒருபக்கச் சோதனையை (ஒரு திசை மாற்றத்தை மட்டும் பார்ப்பது) சொல்லாமல் செய்திருப்பார்கள், அல்லது பிழை. அடைப்புக்குள் இருக்கும் எண் இன்னொன்றும் சொல்கிறது: இரு தனிக் குழு ஒப்பீட்டில் அது மொத்த ஆட்தொகையில் இரண்டு குறைவு. முறையியல் பகுதி 40 பேர் என்று சொல்லி, இங்கே 28 என்றால் பத்துப் பேரைக் காணவில்லை. எட்டு உளவியல் சஞ்சிகைகளில் 1985 முதல் 2013 வரை வந்த பி-பெறுமானங்களைக் கணினியால் மீளக் கணித்தபோது, பாதிக் கட்டுரைகளில் ஒன்றாவது பொருந்தவில்லை. எட்டில் ஒன்றில் முடிவையே மாற்றக்கூடிய பிழை.

எண் மாற வேண்டிய இடத்தில் மாறாமல் இருப்பதும் அறிகுறிதான். பிரிந்து வளர்ந்த ஒத்த இரட்டையர்களின் நுண்ணறிவு பற்றி பிரித்தானிய உளவியலாளர் சிரில் பேர்ட் 1955இல் 21 சோடிகளை வைத்து எழுதினார். சோடிகளின் புள்ளிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் இணைபுக் குணகம் 0.771. 1958இல் 30க்கு மேற்பட்ட சோடிகள், 0.771. 1966இல் 53 சோடிகள், அப்போதும் 0.771. சோடிகள் இரு மடங்கைத் தாண்டியபோது மூன்றாம் தசமதானம் அசையாமல் நிற்காது. லியோன் கமின் 1974இல் இதைச் சுட்டிக்காட்டும்வரை அந்த எண் பாடநூல்களில் இருந்தது. அவ்வளவு காலமும் அது எல்லார் கண்ணுக்கும் முன்னால் அச்சில்தான் இருந்தது.

பாடசாலை ஆய்வுகளில் தனியாகப் பார்க்க வேண்டியது வகுப்பு. உவர்மலையில் ஒரு வகுப்புக்குப் பயிற்சி, மூதூரில் ஒரு வகுப்பு ஒப்பீட்டுக்கு, தலா 30 பிள்ளைகள் என்று வைத்தால் ‘60 பேர்’ என்று எழுதத் தோன்றும். ஒரே ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமை 0.2 என்றால், 29ஐ 0.2ஆல் பெருக்கி 1ஐக் கூட்டுங்கள்: 6.8. 60ஐ அதனால் வகுத்தால் 9 பிள்ளைகளின் பெறுமதிதான் மிஞ்சும். அதுவும் பக்கத்துக்கு ஒரு வகுப்பு என்றால் பயிற்சியின் பலனையும் ஆசிரியரின் பலனையும் எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது.

கடைசியாக, எந்த மொழியில் அளந்தார்கள். இதை எங்கள் ஆட்கள் போதியளவு கேட்பதில்லை என்பது என் ஆதங்கம். இலக்கங்களைச் சொல்லி, அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொல்வது பல நுண்ணறிவுச் சோதனைகளில் உண்டு. ஒன்று முதல் ஒன்பது வரை தமிழில் வாய்விட்டுச் சொல்லி உச்சரிப்பு அசைகளை எண்ணுங்கள்: 20. ஆங்கிலத்தில் 10. வெல்ஷ் மொழியில் இலக்கங்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிட நேரம் எடுக்கும், அதனாலேயே வெல்ஷ் மொழியில் சோதிக்கப்படும் பிள்ளைகளின் இலக்க நினைவு குறைவாகத் தெரிகிறது என்று 1980இல் எல்லிஸ், ஹென்னெலி இருவரும் காட்டினார்கள். ஆங்கிலப் பிள்ளைகளுக்கென்று தயாரித்த, விடைகளை ஐ.கியூவாக மாற்றும் அட்டவணையை வைத்துத் தமிழ்ப் பிள்ளையின் நினைவைப் ‘பலவீனம்’ என்று எழுதினால், அளந்தது பிள்ளையின் மூளையையா, எங்கள் எண்ணுப் பெயர்களின் நீளத்தையா? அட்டவணை எந்த ஆண்டினது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 3 புள்ளி என்று இடை ஏறி வந்ததை ஃபிளின் 1984இல் காட்டினார். அந்த வேகத்தில், 20 ஆண்டு பழைய அட்டவணை 6 புள்ளியைச் சும்மா கொடுத்துவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் ஆய்வாளருக்கே மரியாதையாக எழுதுங்கள். குற்றம் சாட்ட வேண்டாம், தரவைக் கேளுங்கள். பெயர் நீக்கி, ஒரு பிள்ளைக்கு ஒரு வரியாக, முன் புள்ளியும் பின் புள்ளியும் உள்ள கோப்பு. எந்தப் பிள்ளை எந்த வகுப்பு. விலகியவர்கள் எந்தக் குழுவில் எத்தனை பேர். கிடைக்கும் என்று உறுதியில்லை: விக்கர்ட்ஸும் சகாக்களும் 141 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் தரவு கேட்டு 2006இல் எழுதியபோது, தருவோம் என்று சஞ்சிகைக்கு ஒப்புக்கொண்டவர்களிலேயே 73 சதவீதம் பேர் தரவில்லை. கோப்பு வந்துவிட்டால் இடை, விலகல் எதையும் கணிக்கும் முன் வரிகளை எண்ணுங்கள். கட்டுரையில் சொன்ன ஆட்தொகைக்கு அது சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.